மண்ணுக்குள் சூட்டை அனுப்பலாமா? ஹீட் பம்ப்பின் கதை

சித்திரை வெயிலில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கரையாம்புத்தூர் மாதிரி ஊரில், பகலில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மின்விசிறி வெந்த காற்றைத்தான் சுழற்றும். ஏ.சி. போட்டால் கரண்ட் பில் எகிறும். அந்தச் சூட்டை மண்ணுக்குள் அனுப்ப முடியாதா? இது நூறு வருடத்துக்கு மேல் பழைய யோசனை.

ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா? ஹீட் பம்ப் செய்வதும் அதேதான். மண்ணிலிருந்தும் சூட்டை எடுக்கலாம் என்று 1912-லேயே சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார் ஹைன்ரிக் ஸோலி. 1938-ல் சூரிச் நகரின் பழைய மன்றக் கட்டடத்தை லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டால் கதகதப்பாக்கினார்கள். சில்லென்ற ஆற்றில் ஏது சூடு என்று சிரிக்க வேண்டாம்! அதிலும் கொஞ்சம் இருக்கிறது, கம்ப்ரஸர் அதை உயர்த்திக் கொடுக்கிறது. நிலக்கரிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாட்டுக்கு அது பெரிய விஷயம்.

அதையே இங்கே கொண்டுவந்தால்? சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே இருக்கும். சூரிச்சில் சுமார் 10 டிகிரி, புதுச்சேரிப் பக்கம் சுமார் 28. மே மாதக் காற்றைவிட இது தேவலை. ஆனால் அங்கே கோடையில் மண்ணுக்குள் விட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இங்கே அதை எடுக்க எந்தக் குளிர்காலம் வரப்போகிறது? வருடம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தால் குழாயைச் சுற்றியுள்ள மண்ணும் சூடேறிவிடும். அதைச் சமாளிக்க ஆழ்துளைகளை அதிகம் போட வேண்டும், செலவு கூடும்.

சூரிச்சுக்கு ஒரு வருடம் முன்பு, 1937-ல், புதுச்சேரி நகரத்திலேயே வேறொரு வழியில் வேலை தொடங்கியது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கோண்ட். ஹைதராபாத்திலிருந்து பணம் வந்ததால் அந்தப் பெயர். வடிவமைத்தவர் டோக்கியோவில் தொழில் செய்த அன்டோனின் ரேமண்ட். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். சுவருக்குப் பதில் திறந்து மூடும் படுக்கைப் பலகைகள், கதவுகளில் தேக்குச் சட்டங்கள், தளத்துக்கு மேலே காற்று புகுந்து போக இடைவெளி விட்டு வளைந்த ஓடுகள். பம்பும் கிடையாது, ஏ.சி.யும் கிடையாது. போர்க்காலம் குறுக்கிட்டு 1940-களில்தான் முடிந்தது. இன்றும் அங்கே ஆட்கள் தங்குகிறார்கள்.

நம் ஊர் மண்டபங்கள் பலவற்றுக்கு வெறும் தட்டைக் கான்கிரீட் தளம்தான், வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. பம்புக்குக் குழி தோண்டும் முன் அந்தத் தளத்துக்கு மேலே இன்னொரு கூரை போட்டுப் பார்க்கலாம்.