எழுதத் தயங்கும் நினைவகங்கள்

சிவகாசி என்றதும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் ஒருசேர நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் மூன்றாவது, முதலாவதன் பிள்ளை. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த லித்தோ அச்சகங்களே பிற்காலத்தில் நாட்காட்டிகளையும் நாட்குறிப்புகளையும் நாடெங்கும் அனுப்பத் தொடங்கின.

லித்தோ அச்சில் படத்தைச் சுண்ணாம்புக் கல்லின் மீது வரைவர். அச்சிட்டு முடிந்ததும் கல்லை எறிந்துவிடுவதில்லை. மணலும் நீரும் இட்டு மேற்பரப்பு முழுவதையும் தேய்த்துப் பழைய படத்தைப் போக்கிவிட்டுப் புதுப் படம் வரைவர். ஒரு புள்ளியையோ கோட்டையோ சுரண்டித் திருத்தலாம். ஆனால் புதிய படம் வேண்டுமானால் கல் முழுவதும் தேய்ந்தாக வேண்டும். இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் திறவுகோல் இதுதான்.

கல் மறைந்தது; ஆப்செட் வந்தது; படங்கள் கணிப்பொறிக்குள் புகுந்தன. ஆடிப் பதினெட்டாம் பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகள் சிவகாசியில் வெளியாகின்றன. அதன் பின் ஆர்டர்கள் குவியும் மாதங்களில் ஓர் அச்சகத்தின் உயிர்நாடி அதன் படக் கோப்புகளே. அவற்றைச் சேமிக்கும் சர்வரில் சுழலும் தட்டுகளுக்குப் பதிலாக, அசையும் உறுப்பு எதுவுமில்லாத திண்மநிலை வட்டுகள், அதாவது எஸ்.எஸ்.டி.க்கள், பலவற்றைக் கூட்டாக இணைப்பதுண்டு. இத்தகைய கூட்டில் ஒரு விந்தையைக் காணலாம். கோப்பைப் படிப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். எழுதுவதோ, தொடக்கத்தில் விரைவாக இருந்து, பிறகு ஊர்ந்து செல்லும். புதிய பொருள் பழையதைவிட மெதுவாக எழுதுவது ஏன்? விடை வரலாற்றில் இருக்கிறது.

கல்லும் சில்லும்

1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் காங், சே என்ற இருவர் ஒரு புதுவகை டிரான்சிஸ்டரை விவரித்தனர். நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு தீவில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்துவதே அதன் தத்துவம். மின்சாரம் நின்றாலும் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் அங்கேயே நிற்கும். ஆகவே செய்தியும் நிற்கும். 1971-இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் இதைப் பயன்படுத்தி நினைவுச் சில்லு ஒன்றைப் படைத்தார். அதை அழிக்கப் புற ஊதா ஒளியில் காட்ட வேண்டியிருந்தது. மின்சாரத்தாலேயே, ஒவ்வோர் எழுத்தாக அழிக்கும் சில்லுகள் அடுத்து வந்தன. ஆனால் அவற்றில் ஒரு செய்தித் துளிக்கு இரண்டு டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. விலையும் கூடியது.

இந்த இடத்தில்தான் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா ஒரு பேரம் பேசினார். எழுத்தெழுத்தாக அழிக்கும் வசதியை விட்டுவிடுவோம். ஒரு பெரும் பகுதியை ஒரே அடியாக அழிப்போம். அப்போது ஒரு துளிக்கு ஒரே டிரான்சிஸ்டர் போதும் என்பதே அவர் கண்ட வழி. 1984-இல் இதை அவர் உலகுக்கு அறிவித்தார். இன்றைய வட்டுகளில் உள்ள நாண்ட் என்னும் வகையை 1987-இல் அவரது குழு வெளியிட்டது. மொத்தமாக அழியும் வேகம் புகைப்படக் கருவியின் பளிச்சொளியை நினைவூட்டியதால், சக ஆய்வாளர் அரிஇசுமி இதற்கு ‘பிளாஷ்’ என்று பெயரிடச் சொன்னார். குட்டி ஜப்பான் என்று பட்டப்பெயர் பெற்ற ஊரின் பழைய லித்தோ கல்லும் உண்மை ஜப்பானில் பிறந்த இச்சில்லும் ஒரே விதிக்கு உட்பட்டவை: எழுதியதன் மேல் எழுத முடியாது, முதலில் மொத்தமாகத் துடைக்க வேண்டும்.

பிளாஷில் எழுதும் அலகு ‘பக்கம்’ எனப்படும். அது சில கிலோபைட் அளவினது. அழிக்கும் அலகு ‘தொகுதி’. அதில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கும். ஒரு பக்கத்தைப் படிக்கச் சில பத்து மைக்ரோ செகண்டு போதும். எழுத அதைப்போல் பல மடங்கு நேரமாகும். ஒரு தொகுதியை அழிக்கவோ பல மில்லி செகண்டு கூட ஆகலாம். தேய்க்கத் தேய்க்கக் கல் மெலிவதுபோல, அழிக்க அழிக்க மின்கடத்தாப் படலமும் நலிகிறது.

எடுத்து வைக்கும் வேலை

ஒரு பக்கத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் தொகுதி முழுவதையும் அழித்தால் காரியம் நடக்குமா? இதற்கு இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அமீர் பான் ஒரு தந்திரத்தை வகுத்தார். 1995-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. புதுச் செய்தியை வேறொரு வெற்றுப் பக்கத்தில் எழுதுவது. பழைய பக்கத்தைச் செல்லாதது என்று குறித்துக்கொள்வது. எது எங்கே உள்ளது என்பதற்கு ஒரு பேரேடு வைத்துக்கொள்வது. கணிப்பொறிக்கு இது தெரியாது. பழைய இடத்திலேயே எழுதியதாக அது எண்ணிக்கொள்ளும்.

வெற்றுப் பக்கங்கள் உள்ளவரை எல்லாம் விரைவாக நடக்கும். அவை தீரும்போது வட்டு தன் வீட்டைத் துப்புரவு செய்யத் தொடங்குகிறது. ஒரு தொகுதியில் 256 பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 192 இன்னும் செல்லுபடியானவை, 64 செல்லாதவை. தொகுதியை அழிக்குமுன் 192 பக்கங்களையும் வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். நமக்குக் கிடைக்கும் இடம் 64 பக்கங்களே. ஆக, 64 பக்கச் செய்திக்காக வட்டு எழுதியது 256 பக்கம். அதாவது நான்கு மடங்கு. வட்டு நிறைய நிறைய இந்த மடங்கு ஏறும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் ஒரு கோப்பை நீக்கினால் கணிப்பொறி தன் அட்டவணையில் மட்டும் அதை அடித்துவிடுகிறது. வட்டுக்குச் செய்தி போவதில்லை. அதனால் இறந்த கோப்பையும் வட்டு கட்டிக் காத்துப் படியெடுத்துக்கொண்டே இருக்கும். ‘இப்பக்கங்கள் இனி வேண்டா’ என்று வட்டுக்குச் சொல்லும் ‘டிரிம்’ என்ற கட்டளை, 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-இன் வாயிலாகப் பரவலாயிற்று.

கூட்டின் விலை

1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், மலிவான வட்டுகள் பலவற்றை இணைத்து ஒரு பெரிய, நம்பத்தக்க வட்டாக்கும் முறையை ‘ரெய்டு’ என்ற பெயரில் வகுத்துரைத்தனர். அதன் ஐந்தாம் வகை, செய்தியுடன் ‘பாரிட்டி’ என்னும் சரிபார்ப்பு எண்ணையும் சேமிக்கிறது. மூன்று வட்டுகளில் 1, 0, 1 என்று இருந்தால் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. எனவே பாரிட்டி 0. ஒரு வட்டு பழுதானாலும் எஞ்சியவற்றைக் கொண்டு இழந்ததைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் ஒரு சிறு மாற்றத்தை எழுதப் பழைய செய்தியைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதுச் செய்தியை எழுது, புதுப் பாரிட்டியை எழுது என நான்கு வேலைகள் உண்டு. இந்தத் தாமதத்தைக் குறைக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ஜெய் மேனன். 1993-இல் அவரும் கோர்ட்னியும், மின்சாரம் போனாலும் மறவாத இடைநினைவகம் கொண்ட ரெய்டு கட்டுப்படுத்தி ஒன்றின் அமைப்பை விளக்கினர். எழுத வந்ததை இடைநினைவகம் வாங்கிக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். வட்டுக்குப் பிறகு அனுப்பும். இம்முறைக்கு ‘ரைட் பேக்’ என்று பெயர்.

இப்போது இரண்டு பேரங்களும் ஒன்றாகச் சேரும்போது என்ன ஆகிறதென்று பாருங்கள். ஒரு பக்க மாற்றத்துக்கு ரெய்டு இரண்டு பக்கம் எழுதுகிறது. ஒவ்வொன்றும் வட்டினுள் நான்காகப் பெருகினால், மொத்தம் எட்டு! கட்டுப்படுத்தி நடுவில் நிற்பதால், டிரிம் கட்டளை வட்டைச் சேராமலும் போகலாம். லினக்சின் மென்பொருள் ரெய்டுக்கு அவ்வசதி 2012-இல் வந்தது. அப்போதும் ஐந்தாம் வகையில் ஒரு தயக்கம் நின்றது. டிரிம் செய்த பக்கத்தைப் படித்தால் உறுதியாகச் சுழியமே வரும் என்ற உத்தரவாதம் இல்லையேல் பாரிட்டிக் கணக்குப் பிசகிவிடும் அல்லவா?

நோய் நாடும் முறை

ஆகவே தாமதம் எப்படி வந்தது என்பதே அதன் காரணத்தைக் காட்டும்.

ஒரே நாளில் திடீரென வேகம் விழுந்ததா? முதலில் கட்டுப்படுத்தியின் மின்கலத்தைப் பாருங்கள். மின்கலம் நலிந்தால் கட்டுப்படுத்தி ரைட் பேக்கை நிறுத்திவிட்டு, வட்டில் எழுதிய பின்னரே ‘முடிந்தது’ என்று சொல்லும் ‘ரைட் துரூ’ முறைக்கு மாறுவது வழக்கம். மின்கலத்தைச் சோதித்துக்கொள்ளும் வேளையிலும் சில கட்டுப்படுத்திகள் இவ்வாறே செய்யும்.

வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் தளர்ந்ததா? வட்டு நிறைந்திருக்கும், அல்லது டிரிம் போய்ச் சேரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தொடக்கத்திலிருந்தே எழுதாமல் விட்டுவைப்பது நல்ல மருந்து.

பெரிய கோப்பை எழுதும்போது முதலில் பாய்ந்து, சற்று நேரத்தில் படுத்துவிடுகிறதா? அது மலிவு வட்டின் இயல்பு. அதிலுள்ள விரைவான சிறு பகுதி நிரம்பியதும் உண்மை வேகம் வெளிப்படுகிறது. எனவே சில வினாடிச் சோதனையை நம்பாமல், உண்மை வேலையைக் கொடுத்து நீண்ட நேரம் அளக்க வேண்டும்.

சிறு சிறு எழுத்துகள் மட்டும் மெதுவா? பாரிட்டியே காரணமாகலாம், ஒவ்வொன்றையும் இரு வட்டுகளில் அப்படியே எழுதும் கண்ணாடி முறை அங்கே பொருந்தும். மின்தடையைத் தாங்கும் மின்தேக்கி இல்லாத வட்டுகளும் ‘இப்போதே நிலையாக எழுது’ என்ற கட்டளைக்கு மிகவும் தாமதிக்கும்.

எச்சரிக்கை ஒன்று. மின்கலம் இல்லாமலே ரைட் பேக்கைக் கட்டாயமாக இயக்கினால் வேகம் உடனே திரும்பும். ஆனால் அந்த நேரம் மின்சாரம் போனால், எழுதிவிட்டதாகக் கணிப்பொறி நம்பியவை எங்கும் இரா. ஆண்டு முழுவதும் காத்திருந்த நாட்காட்டிப் படங்களை இழப்பதைவிட மெதுவாக எழுதுவதே மேல். ரெய்டு இருக்கிறதே என்று தனிப்படி எடுக்காமல் இருப்பதும் தவறு. தவறுதலாக நீக்கிய கோப்பை எல்லா வட்டுகளும் ஒற்றுமையாகவே நீக்கிவிடும்.

மலிவுக்காக 1984-இலும், நம்பகத்துக்காக 1988-இலும், விரைவுக்காக 1993-இலும் செய்யப்பட்ட ஏற்பாடுகள் தனித்தனியே சிறந்தவை. எழுதத் தயங்கும் நினைவகம் அம்மூன்றுக்கும் உரிய விலையைத்தான் நம்மிடம் கேட்கிறது. எதற்கான விலை என்று அறிந்தவர் வட்டை மாற்ற ஓடுமுன் மின்கலத்தைப் பார்ப்பார்.