உப்பு விளையுது: எமது வகுப்பறைச் சொற்களின் வரலாறு

"உப்பு விளையுது" என்று யாராவது சொன்னால், 1990களின் தொடக்கத்தில் எமது பாடசாலையில் படித்தவர்கள் உடனே திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி அழப்போகிறாள் என்பது அதன் பொருள். கட்டடங்களினதும் அதிபர்களினதும் வரலாற்றை இந்நூற்றாண்டு மலரில் எழுதப் பலர் இருக்கிறார்கள். மாணவியர் உண்டாக்கிய சொற்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

புதுச்சொற்கள் வந்து தங்குவது எமது கரையோரத்துக்குப் புதிதல்ல. கதிரை, அலுமாரி, சப்பாத்து ஆகியன போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் மொழியிலிருந்து கந்தோர் வந்தது. இவற்றை எவரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கவில்லை. பொருள் வீட்டுக்குள் வந்தபோது பெயரும் கூடவே வந்தது. மறுபுறம், சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி அன்றாடப் பேச்சிலிருந்து ஒதுங்கி, மஞ்சாப் பாடல்களிலேயே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. பேசுவதற்கு ஆள் குறைந்தால் சொல்லுக்குப் பாட்டுத்தான் புகலிடம்.

கூட்டம் கூடி உண்டாக்கிய சொற்களும் உண்டு. தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிப்பதற்காக அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டார் இயற்பியல், வேதியியல் என்று படிக்க, நாங்கள் பௌதிகவியல், இரசாயனவியல் என்று படித்தோம். பாடநூலிலும் பரீட்சை வினாத்தாளிலும் இருந்ததால் அவை நிலைத்தன. ஆனால் துவிச்சக்கரவண்டி கடிதத்தில் மட்டுமே ஓடியது. வீதியில் ஓடியது சைக்கிள்தான்.

இந்த இரகசியம் தெரியாத வயதில் நானும் ஓர் அப்பியாசக் கொப்பியில் புதுச்சொற்களை எழுதி வைத்தேன். பாடம் விளங்காவிட்டால் "தோணி வரல்ல" என்று சொல்லவேண்டும் என்பது அதிலொன்று. ஒரு தவணை முழுவதும் சொல்லிப் பார்த்தேன். தோழியர் சிரித்தார்கள், பிறகு வழமைபோல "விளங்கல்ல" என்றே சொன்னார்கள்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தோருக்கு இரண்டு மணி நேர அவகாசமே கிடைத்தது. வெளியேற்றப்பட்டவர்கள் 70,000 பேருக்கும் அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எமது வகுப்பில் ஒரு வாங்கில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் இருந்தோம்.

அப்போது ஒரு சொல் எவருடைய முயற்சியும் இல்லாமல் பரவியது. "அகதி." கதியற்றவர் என்பது அதன் பொருள். "அகதிப் பிள்ளைகள்", "அகதிக் கொப்பி", "அகதி வரிசை" என்று எல்லாவற்றோடும் அது ஒட்டிக்கொண்டது. நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறென்று உணர்ந்த சிலர் "புதுப்பிள்ளைகள்" என்று மாற்றிப் பார்த்தோம். அதில் இரக்கம் தெரிந்ததால் வந்தவர்களுக்கே அது பிடிக்கவில்லை. படிவங்களில் "இடம்பெயர்ந்தோர்" என்று எழுதினார்கள். படிவத்தில் மரியாதை கூடியது. முற்றத்தில் பழைய சொல்லே கேட்டது.

ஒருநாள் தமிழ்ப் பாடத்தில் "எனது ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னார் ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருத்தி ஒரு வரியும் எழுதாமல் இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த, அதே ஊரிலிருந்து வந்த தோழி மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், இஞ்ச உப்பு விளையுது."

அவள் சிறுவயதில் ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவள். எங்களுக்கோ புத்தளம் உப்பளம் வீட்டு வாசல் மாதிரி. பாத்தியில் கட்டிய உப்புநீர் வெயிலில் வற்ற வற்ற வெள்ளை பூப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இரு பக்கத்தாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வகுப்பே சிரித்தது. அழுதவளும் அழுகையோடு சிரித்தாள். அடுத்த கிழமை மற்ற வகுப்புகளிலும் அதைக் கேட்டேன். என் கொப்பியிலிருந்த ஒரு சொல்லுக்கும் கிடைக்காத பாக்கியம் அது.

"அகதி" எங்கள் வகுப்பில் எந்த நாளில் நின்றது என்று எனக்கு நினைவில்லை. எவரும் தடைசெய்யவில்லை. ஒவ்வொருத்தியின் பெயரும், அவளது உம்மாவின் சமையலும், அவள் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி என்பதும் தெரிந்த பிறகு அச்சொல்லுக்கு வேலை குறைந்தது. பாடசாலைக்கு வெளியே அது நெடுங்காலம் இருந்ததையும் மறைக்க முடியாது.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859இல் நூலாக்கினார். வகுப்பறைப் பேச்சைத் திரட்ட நாங்கள்தான் இருக்கிறோம். எந்த நாட்டில் வாழ்ந்தாலும், உங்கள் காலத்துச் சொற்களை, நீங்கள் படித்த ஆண்டுடனும் பொருளுடனும் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். இனிமையானவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம். ஒருத்தியை நோகச் செய்த சொல்லும் எமது வரலாறே.

"தோணி வரல்ல" யாருக்காவது நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நான் இன்னும் காத்திருக்கிறேன்.