நாடியின் நடை

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடிக்குத்தான் முதலிடம். ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும், பெருவிரல் பக்கமாக மணிக்கட்டை ஒட்டி மூன்று விரல்களை வைத்துப் பார்ப்பார்கள். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம். மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் நின்றால் உடம்பில் குறையில்லை. வாதம் அன்னம்போலவும் கோழிபோலவும், பித்தம் ஆமைபோலவும் அட்டைபோலவும், ஐயம் தவளைபோலவும் பாம்புபோலவும் நடக்கும் என்பது நூல் வழக்கு. துடிப்பை எண்ணியதைவிட அதன் நடையைக் கவனித்த முறை இது. அதனால் நாடி விட்டுவிட்டு வருவதும் தத்தித் தாவுவதும் தேர்ந்த விரலுக்குத் தப்பாது.

விரலுக்கு எட்டாத ஒன்றும் உண்டு. இதயத்தின் எல்லாத் துடிப்பும் கைக்கு வந்து சேர்வதில்லை. மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கும் நோயில், ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ண 120 வரும். அதே நிமிடம் இன்னொருவர் கையைப் பிடித்து எண்ணினால் 90தான் இருக்கும். அரைகுறையாக நிரம்பிச் சுருங்கும் இதயம் கைவரை இரத்தத்தைத் தள்ளுவதில்லை. ஆஸ்பத்திரிகளில் நோயைக் கண்டுகொள்ள இந்த வித்தியாசம் நெடுநாள் உதவியது.

தமிழ்நாட்டில் இந்த நடுக்கத்துக்கு வழி வகுத்தவற்றில் மூட்டுவாதக் காய்ச்சல் முக்கியமானது. சிறுவயதில் தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டு வீங்கி, தானே அடங்கிவிடும். ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கும். அதற்கு மேலே தேங்கும் இரத்தம் இடது மேலறையை உப்பவைக்கும், உப்பிய மேலறை நடுங்கத் தொடங்கும். பிள்ளை உண்டாகி, மூச்சு வாங்கி, அப்போதுதான் நோய் தெரியவந்த பெண்கள் பலர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதயநோய்த் துறையை உருவாக்கியவர் கமலா வைத்திலிங்கம். இதயத்தை நிறுத்தாமலே வால்வை விரித்துவிடும் அறுவையை 3,724 பேருக்குச் செய்த கணக்கை, அங்கேயே ஸ்டான்லி ஜானும் குழுவினரும் 1983இல் வெளியிட்டார்கள்.

துடிப்பை அடக்கும் பழைய மருந்துகள் சில செடியிலிருந்து வந்தவை. வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785இல் எழுதிவைத்த டிஜிட்டாலிஸ் இலை அப்போது உடம்பு நீர்வைத்து வீங்குவதற்கான மருந்து. அதன் வழிவந்த டிகாக்சின் மாத்திரையில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. ‘வாரத்தில் அஞ்சு நாள் போடுங்க, சனி ஞாயிறு வேணாம்’ என்று நம்மூர் டாக்டர்கள் சொல்வது அதற்காகத்தான். இன்னொரு மருந்துக்கு நீலகிரியோடு உறவு. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்த சிங்கோனா தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்ந்தது. அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்குக் கொய்னா எடுத்தார்கள். டச்சு வணிகர் ஒருவர், நாடி தப்பும்போதெல்லாம் கொய்னா சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்று வெங்கெபாக் என்ற மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் முதலில் நம்பவில்லை. பிறகு 1914இல் அதை எழுதினார். அதே பட்டையிலுள்ள குயினிடின் இன்னும் நன்றாக வேலை செய்வதை 1918இல் வால்டர் ஃப்ரே காட்டினார். நோயாளி சொல்லி மருத்துவர் கற்றுக்கொண்ட மருந்து இது.

துடிப்பைக் காகிதத்தில் இறக்கியவர் நெதர்லாந்தின் ஐன்தோவன். 1900களின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை நகர்த்த முடியாததால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து 1905இல் தொலைபேசிக் கம்பி வழியாகத் துடிப்பை வரவழைத்தார். 2012இல் தமிழ்நாட்டில் மாரடைப்புக்காகத் தொடங்கிய ஸ்டெமி திட்டத்திலும் வேலை இதுவே: சிறிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்புவது.

துடிப்புக் கோளாறில் ஒரு சங்கடம், அது சொல்லிக்கொண்டு வராது. விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையிலுள்ள மங்கலம்பேட்டையில் ஒருவருக்கு வயலில் படபடத்துக் கண் இருட்டினால், பஸ் பிடித்து விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இதயம் சீராகிவிடலாம், ஈ.சி.ஜி. ‘நார்மல்’ என்று வரும். இதற்குத்தான் நார்மன் ஹோல்டர் கருவியையே ஆளோடு அனுப்பினார். 1949இல் அது முதுகில் சுமக்கும் முப்பத்தெட்டு கிலோ மூட்டை. இன்று ஒரு நாள் முழுதும் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி.

மேலறைச் சேதி கீழறைக்குப் போகாமல் துடிப்பு முப்பது, நாற்பதாக இறங்கினால் மாத்திரை உதவாது, பேஸ்மேக்கர் வேண்டும். 1958 அக்டோபர் 8இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக அதை உடம்புக்குள் வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன் 2001வரை வாழ்ந்தார். அதற்குள் மாற்றியவற்றையும் சேர்த்து 26 கருவிகள். விருத்தாசலம் பக்கத்தில் பீங்கான் என்றால் பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் நினைவுக்கு வரும். பேஸ்மேக்கரிலும் டைட்டானியக் கூட்டைவிட்டு மின்கம்பி வெளியே வரும் துளையில் பெரும்பாலும் அலுமினாப் பீங்கான்தான் காப்பு. கூட்டுக்குள் உடம்பின் ஈரம் புகாமலும், மின்சாரம் கூட்டுக்குத் தாவாமலும் அது தடுக்கிறது.

2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இலிருந்து முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் பேஸ்மேக்கர் வைக்கும் செலவை ஏழை வீடுகளுக்கும் எட்டும்படி செய்தன. கருவி வைத்தவர் இறந்து, உடலை எரிப்பதாக இருந்தால், முன்கூட்டியே அதை எடுத்துவிட வேண்டும். பேட்டரி தீயில் வெடிக்கும். புதைக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.