ஐந்து மணி நேரத்தில் 46 கிலோமீட்டர்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்தபோது நான் ஊட்டியில் இருந்தேன். மனைவி, மகளோடு ஒரு வாரக் கோடை விடுமுறை. சரி, ஊட்டியைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி வருஷ டூரில் நாமும் ஊட்டி போனோமே, ஞாபகம் இருக்கிறதா? விடிய விடிய பஸ்ஸில் பாட்டு. போட் ஹவுஸ், தொட்டபெட்டா, போட்டோ, வர்க்கி, சாக்லேட். இரண்டே நாள்! ஊரைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. தொட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

இந்த முறை அவசரமில்லை. காலையில் தேநீர், சாயங்காலம் நடை. அப்படி நடந்தபோதுதான் இந்த ஊரின் கதை மெல்லப் பிடிபட்டது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். கீழே வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குளிர் வரமாகத் தெரிந்தது. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியில் நிலம் வாங்கி, 1822ல் கல் வீடு கட்டத் தொடங்கினார். படகர்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். 1824 வாக்கில் ஓடையை மறித்து ஏரியும் அமைத்தார். மலை நிலத்தின் உரிமை தோடர்களுக்கே என்று வாதாடியவரும் இதே சல்லிவன்தான் என்பது யோசிக்க வைக்கிறது. அந்தக் கல் வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கலெக்டர் பங்களா கல்லூரியாக மாறியதில் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம்தானே!

1870 முதல் சென்னை மாகாண அரசே கோடையில் ஊட்டிக்கு இடம் மாறத் தொடங்கியது. கவர்னர் மட்டுமல்ல, ஆபீஸ், ஃபைல், குமாஸ்தா எல்லாம் மலைக்கு. துரைமார்களுக்கு அது ஓய்வு. மூட்டை சுமந்தவர்களுக்கும், பாறை உடைத்துப் பாதை போட்டவர்களுக்கும் அது வேலை. நாம் சுகமாக நடக்கும் ஒவ்வொரு வளைவிலும் பெயர் தெரியாத யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. இதை மகளிடம் சொன்னேன். "அவங்களுக்கு லீவு கிடையாதாப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி நம்ம சப்ஜெக்ட், ரயில்! மலை ரயில் யோசனை 1854லேயே எழுந்தது. வேலை தொடங்கியதோ 1891ல். நடுவில் கம்பெனி திவாலாகி, புதுக் கம்பெனி வந்து, 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டியைத் தொட்டது 1908ல். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், சுமார் 250 பாலங்கள். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம்!

வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே இரண்டு பல்சட்டங்கள் ஓடுகின்றன. எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. இரண்டு சட்டங்களின் பற்களும் மாறி மாறி அமைந்திருப்பதால் ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். 2005ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தனை இருந்தும் மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காரில் போனால் இரண்டு மணி நேரம். "எதுக்குங்க இவ்வளவு மெதுவா?" என்று மனைவி கேட்டாள். எனக்கோ அதுதான் பிடித்தது. அந்த எஞ்சினியர்கள் மலையின் சரிவை முதலில் அளந்தார்கள். பிறகு அதற்குத் தகுந்த வேகத்தை ஒத்துக்கொண்டார்கள்.

நாம் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. சல்லிவன் ஏரியின் ஒரு பகுதி பஸ் ஸ்டாண்டாகவும் குதிரைப் பந்தய மைதானமாகவும் மாறிப்போனது. வண்டிகள் பெருகி, கடைசியில் ஐகோர்ட் தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள். முதலில் எனக்கும் எரிச்சல்தான். யோசித்தால், எந்தப் பாலத்துக்கும் தாங்கும் எடை என்று ஒன்று உண்டு என்பது முதலாம் ஆண்டுப் பாடமாச்சே. மலைக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

தம்பி தங்கைகளே, உங்கள் டூர் ஊட்டிக்கு என்றால், மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ரயிலைப் பிடியுங்கள். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பழைய நண்பர்களே, நம் பேட்ச்சின் அடுத்த சந்திப்பையும் அந்த ரயிலிலேயே வைத்துக்கொள்ளலாமா? ஐந்து மணி நேரம் பேச நமக்கா விஷயம் இல்லை!