தோட்டம்: ஒரு சொல், இரு வரலாறுகள்

தோட்டம் என்பது தமிழில் பூவும் காயும் விளையும் இடத்தைக் குறிக்கும் பொதுச்சொல். மலாயாவில் அச்சொல் வேறொரு பொருளையும் பெற்றது. ‘எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்?’ என்று நம் பெரியோர் வினவினால், அவர்கள் குறிப்பது இரப்பர்த் தோட்டத்தையே. ஆங்கிலத்தில் வழங்கும் ‘எஸ்டேட்’ என்னும் சொல்லும் இத்தகையது. இங்கிலாந்தில் அது நாட்டுப்புற மாளிகையையும் அதனைச் சூழ்ந்த பரந்த நிலத்தையும் குறிக்கும். குடியேற்ற நாடுகளில் கரும்பும் இரப்பரும் விளைந்த உழைப்புக்களத்தைக் குறிக்கும். இவ்விரண்டும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

மாளிகைத் தோட்டங்களைக் காணச் செல்லும் வழக்கம் பழமையானது. பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஸ்டோ தோட்டத்துக்கு 1744ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி நூல் அச்சாயிற்று. அக்காலத் தோட்டக்கலையின் இலக்கு, மனிதர் கை படாத இயற்கைபோல் நிலத்தைத் தோன்றச் செய்வது. நேர்க்கோட்டுப் பாத்திகள் அகன்றன. புல்வெளியும் வளைந்து செல்லும் ஏரியும் மரத்தொகுதிகளும் அவற்றின் இடத்தைப் பெற்றன. இக்கலையில் புகழ்பெற்ற லான்சலாட் பிரவுன் (1716–1783) ஓடைகளுக்கு அணையிட்டு ஏரிகளாக்கினார்; நிலத்தின் மேடுபள்ளங்களையே மாற்றியமைத்தார்.

இத்தோட்டங்களில் ‘ஹா-ஹா’ எனப்படும் அகழி ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் செங்குத்தான சுவர். மறுபக்கம் புல் படர்ந்த சரிவு. மேயும் கால்நடைகள் அதனைத் தாண்டி மாளிகைப் பக்கம் வர இயலாது. மாளிகையிலிருந்து நோக்குவோர்க்கோ புல்வெளி தடையின்றி நீள்வதாகவே தோன்றும். எல்லை இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

மறைக்கப்பட்டது எல்லை மட்டுமன்று. டார்செட்டில் மில்டன் பிரபு எனப்பட்ட ஜோசப் டேமர், தம் மாளிகையருகே இருந்த பழைய சந்தை ஊரைப் படிப்படியாக இடித்து அகற்றினார். அங்கிருந்து சற்றுத் தொலைவில், 1780ஆம் ஆண்டளவில், மில்டன் ஆபஸ் என்னும் புதிய சிற்றூர் எழுந்தது. அதன் கூரைவேய்ந்த வீடுகளைப் பயணிகள் இன்று ஆர்வத்துடன் படம்பிடிக்கின்றனர். அவ்வழகுக்கு முன் ஓர் ஊர் அழிந்ததைக் காட்சி மட்டும் உணர்த்தாது.

யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகைக்கு 1759இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் தோட்டம் பிரவுனின் சிறந்த படைப்புகளுள் ஒன்று. மாளிகையை எழுப்பிய எட்வின் லாசெல்ஸ் பெற்ற செல்வம், அவர் தந்தை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை வாணிகத்திலும் அடிமை வாணிகத்திலும் திரட்டியது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகள் பலவற்றில் அடிமை முறையை ஒழித்தபோது, உடைமையாளர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. ஹேர்வுட் பிரபு 26,000 பவுனுக்கு மேல் பெற்றார். விடுதலையான அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

நம் வரலாறு இவ்விடத்தில் இதனோடு இணைகிறது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடி இந்தியாவை நோக்கினர். மொரிஷியசுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்தனர். பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பெருந்திரளாக வந்தனர்.

அத்தகைய உழைப்பினால் வளம்பெற்ற தோட்ட முதலாளி ஒருவர், சீமை மாளிகையை இம்மண்ணிலேயே எழுப்ப முனைந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், பேராக்கில் பத்து காஜாவுக்கு அருகே 1915இல் தம் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் மறைந்தார், கட்டடம் முற்றுப்பெறவில்லை. கெல்லி கோட்டை எனப்படும் அதனைக் காணும் மாணவர் பலர் ஆவிக்கதைகளோடு திரும்புகின்றனர். அதனருகே மாரியம்மன் கோயில் ஒன்றும் உண்டு. அதன் கூரையில் மேனாட்டு உடையுடன் நிற்கும் உருவம் ஸ்மித்தினுடையது என்பர். கோட்டையை எழுப்ப உழைத்த தென்னிந்தியத் தொழிலாளரை அக்கோயில்தான் நினைவூட்டுகிறது. ஆகவே கோட்டையைக் காண்போர் கோயிலையும் காணுதல் வேண்டும்.

அழகைக் காண வந்தவர்க்கு இவ்வரலாறு எதற்கு என்று வினவுவோர் உளர். இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்கள் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்புடையவை என 2020இல் அறிக்கை வெளியிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. உண்மையை அறிவதால் ஏரியின் அழகு குறைந்துவிடாது. அதனை அகழ்ந்தவரும் அதற்குப் பொருள் ஈட்டித் தந்தவரும் நம் பார்வைக்குள் வருவர், அவ்வளவே.

ஆசிரியர்கள் மாணவரை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும்போது மூன்று வினாக்களை முன்வைக்கலாம். இந்நிலத்தில் முன்பு வாழ்ந்தோர் யாவர்? இதற்குரிய செல்வம் எங்கிருந்து வந்தது? இதனை உருவாக்கிய கைகள் யாருடையவை? இவ்வினாக்கள் நம் தோட்டங்களுக்கும் பொருந்தும். மாளிகைகளைக் காக்க அமைப்புகள் உள்ளன. லயங்களும் பெரட்டுக்களங்களும் வீடமைப்புத் திட்டங்களுக்காக இடிக்கப்பட்டபோது, அவற்றின் வரலாறு பல இடங்களில் எழுதப்படாமலே போயிற்று. அவற்றில் வாழ்ந்த முதியோர் இன்னும் நம் வீடுகளில் உள்ளனர். அவர்கள் பிறந்த தோட்டத்தின் பெயரையும் அங்குக் கண்ட வாழ்வையும் கேட்டு எழுதும் பணியை மாணவர் இவ்வாண்டிலேயே தொடங்குதல் நலம்.