உள்ளே வருதலும் உள்ளே போதலும்

ஆங்கிலத்தில் வேலை நேரத்தைப் பற்றிப் பேசும் வினைகளைச் சற்று நின்று கவனித்தால், பலவற்றுக்கும் பின்னால் ஒரு பயணச்சீட்டோ கடிகாரமோ இருப்பது புலப்படும். 2020-இன் பெருந்தொற்றுக்குப் பின், சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்னும் 'ஹைப்ரிட்' முறை பரவியது. (லத்தீனில் அச்சொல், வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது.) முறை புதிது, அதைப் பேச வாய்த்த வினைகளோ பழையவை.

'கம்யூட்' என்பதை எடுத்துக்கொள்வோம். அதன் லத்தீன் மூலத்துக்கு, ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல் என்று பொருள். மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கு இன்றும் ஆங்கிலத்தில் இதே வினைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ரயில் கம்பெனிகள், அன்றாடக் கட்டணங்களைச் சலுகையான ஒரே தொகையாக மாற்றி, 'கம்யூட்டேஷன் டிக்கெட்' விற்றன. வாங்கியவர் 'கம்யூட்டர்' ஆனார். அவர் நாள்தோறும் போய்வருவது 'கம்யூட்' ஆயிற்று. பயணம் என்ற பொருள் மூலச்சொல்லில் எங்குமே இல்லை. 1973-இல் ஜாக் நில்லஸ், பயணத்துக்கு ஈடாகத் தொலைத்தொடர்பை வைக்கும் தம் யோசனைக்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயரிட்டார். போகாமலிருப்பதற்கும் பயணச்சீட்டின் பெயரே வாய்த்தது!

'கிளாக் இன்' இன்னும் வெளிப்படையானது. நியூயார்க் மாநிலத்து நகை வியாபாரி வில்லர்ட் பண்டி, 1890-இல் நேரப்பதிவுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட சாவி. செருகித் திருகினால் எண்ணும் நேரமும் காகித நாடாவில் பதியும். பண்டியின் தொழில், பல இணைப்புகளின் வழியே, பின்னாளில் ஐ.பி.எம். என்று பெயர்பெற்ற நிறுவனத்தில் கலந்தது. 'கிளாக் இன்' செய்தவரின் பேரப்பிள்ளைகள் கணினியில் 'லாக் இன்' செய்தார்கள்.

வீட்டைக் குறிக்கும் வழக்கிலும் ஒரு சரித்திரம் உண்டு. ஆலைகளுக்கு முற்பட்ட இங்கிலாந்தில் வணிகர்கள் நூலை நெசவாளர் வீடுகளுக்கு 'புட் அவுட்' செய்தார்கள். தறி வீட்டிலேயே இருந்ததால் அவருக்கு 'அட் ஹோம்' போதுமாயிருந்தது. இன்றைய ஊழியரோ 'ஃப்ரம் ஹோம்' வேலை செய்கிறார். வேலையின் இருப்பிடம் வேறெங்கோ என்பதை அந்த 'ஃப்ரம்' ஒப்புக்கொண்டுவிடுகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அலுவலகம் என்று சொல்லாமலே, செவ்வாயன்று 'கோயிங் இன்' என்றால் புரிந்துவிடுகிறது. ஊழியர் தம் வீட்டாரிடம் 'கோ இன்' என்கிறார்; மேலாளர் அவரிடம் 'கம் இன்' என்கிறார். மேலாளருக்கு மறுமொழியாக 'கமிங் இன்' என்று தட்டச்சும் அக்கணத்தில், சமையலறை மேசையில் அமர்ந்திருக்கும் அவர், அலுவலகத்தின் வாசலில் நின்று தம்மை வரவேற்பவராகப் பேசுகிறார்.