கம்பியின் காது

அப்பா கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். சில விநாடிகளில் பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் 1937இல் மின்மோட்டார் செய்த ஊர் இது. இப்படி இரும்பைக் காதாக்கிக்கொண்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்.

எழுபது வயதில் அவருடைய இதயத் துடிப்பு தாறுமாறானது. தொடைச் சிரை வழியாகக் கதீட்டரைச் செலுத்தி, தப்பான மின்சாரம் கிளம்பும் இடத்தைச் சுட்டுவிடலாம் என்றார் மருத்துவர். மின்சாரம் பற்றி அப்பாவுக்குச் சந்தேகமில்லை. அவர் கேட்டது வேறு.

“முனை செவுத்தத் தொட்டுதா இல்லியான்னு அவருக்கு எப்புடிக் கண்ணு தெரியும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சிகிச்சைக்கு ஒரு வாரம் இருந்தது. உட்கார்ந்து படித்தேன். கதீட்டரின் வரலாறே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்ந்திருக்கிறது.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான், சிறுநீர்ப் பாதைக்கான ஒரு கதீட்டரைத் தன் கைச் சிரைக்குள் 65 செ.மீ. செலுத்தி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோனார். முனை இதயத்துக்குள் இருப்பதைப் படம் காட்டியது. அதற்கான நோபல் பரிசில் பங்கு அவருக்கு 1956இல்தான் கிடைத்தது.

1970இல் ஸ்வானும் கான்ஸும் முனையில் ஒரு சிறு பலூன் வைத்தார்கள். ரத்த ஓட்டமே குழாயை இழுத்துச் சென்றது. அடுத்து தெர்மிஸ்டர் சேர்ந்தது. குளிர்ந்த திரவத்தை உள்ளே விட்டு, முனையருகே வெப்பம் தாழ்ந்து மீள்வதைக் கொண்டு, இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று கணக்கிட்டார்கள். வெறும் குழாய் அளக்கும் கருவியாயிற்று.

அதைத் திருப்புவது எப்படி? குழாய்ச் சுவருக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகளை நாடா பின்னுவதுபோலப் பின்னியிருப்பார்கள். வெளியே பிடியைத் திருகினால் உள்ளே முனையும் திரும்பும். நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாத வேலையல்ல.

ஆனால் ஒரு மீட்டர் நீளக் குழாயில் தொடுவுணர்வு கைக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடும். எக்ஸ்ரே இடத்தைக் காட்டும், தொட்டதைக் காட்டாது. லேசாகப் பட்டால் சூடு ஆழமாக இறங்காது, கோளாறு திரும்பி வரும். அழுத்திவிட்டாலோ சுவரில் ஓட்டை விழலாம். பொதுவாக நாடுவது 10 முதல் 20 கிராம் அழுத்தம். ஒரு சீட்டுக்கட்டின் எடைகூட இருக்காது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் பரவலான கதீட்டர்களில் சிலவற்றின் முனையில் ஒளியிழைகள் உண்டு. முனை அழுந்தும்போது அவற்றில் திரும்பிவரும் ஒளியின் அலைநீளம் மாறும். வேறு சிலவற்றில் ஒரு நுண்ணிய சுருள்வில். இரண்டிலும் எத்தனை கிராம் என்று திரையில் எண்ணாக ஓடும்.

முந்தின நாள் இரவு இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“அப்ப அதும் நம்ம ஸ்க்ரூடிரைவருதான்” என்றார். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து அவரை வெளியே கொண்டுவந்தபோது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பேரிங் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.